உறைந்த கெர்னலை உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்: ஓஎஸ் லேப், தேர்வு, நேர்முகத்துக்குப் படிப்பவர்களுக்கு

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் டெட்லாக்குக்கு, அதாவது ஒருவர் வைத்திருப்பதற்காக மற்றவர் காத்திருந்து யாருமே நகர முடியாமல் போவதற்கு, தனி அத்தியாயம் உண்டு. நான்கு நிபந்தனைகள், டெட்லாக் வராதபடி கணக்கிட்டு ரிசோர்ஸ் தரும் பேங்கர்ஸ் அல்காரிதம், மேசையைச் சுற்றிப் பசியோடு உட்கார்ந்திருக்கும் தத்துவவாதிகள். படித்து எழுதிவிடலாம், மதிப்பெண்ணும் வரும். ஆனால் லேபில் நாமே லாக் (பகிரும் தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொடவிடும் பூட்டு) போட்ட ஒரு கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) பாதி வழியில் உறைந்து நிற்கும்போது, படித்ததில் எதைத் தொட்டு ஆரம்பிப்பது என்று பிடிபடாது. லேப், எழுத்துத் தேர்வு, பிறகு கெர்னல் வேலைக்கான நேர்முகம் ஆகிய மூன்றிலும் எனக்குக் கைகொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன்.

மெஷின் நின்றுபோனால் பெரும்பாலோர் முதலில் செய்வது ரீஸ்டார்ட். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரேஸ் கண்டிஷன் (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் தவறு) ஒரு கணத்தில் நடந்து தடயமில்லாமல் போய்விடும். மெமரி கெட்டுப்போனால் ஓரிடத்தில் நடந்த தவறு வேறோரிடத்தில் வெடிக்கும். டெட்லாக் மட்டும்தான் நடந்த இடத்திலேயே நின்று நமக்காகக் காத்திருக்கும். எந்த லாக்கை யார் வைத்திருக்கிறார், யார் எதற்காக நிற்கிறார் என்ற முழு விவரமும் மெமரியில் அப்படியே இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் அத்தனையும் போய்விடும், அதே நேர ஒழுங்கு மறுபடி எப்போது அமையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆங்காங்கே பிரின்ட்எஃப் போட்டுப் பார்ப்பதும் இதே போல ஆபத்துதான். பிரின்ட்எஃப் நேர ஒழுங்கை மாற்றிவிடும், தனக்கென்று ஒரு லாக்கையும் எடுக்கும். பக் மறைந்துவிட்டதைப் பார்த்துத் தீர்ந்துவிட்டது என்று நம்பிவிடுவோம்.

நான்கு நிபந்தனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் 1971-இல் எழுதிய கட்டுரையில் அவை வந்தன: ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்க முடியும், வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம், பிடுங்க முடியாது, காத்திருப்பு வட்டமாகிறது. கெர்னல் லாக்குகளில் முதல் மூன்றும் பொதுவாக எப்போதுமே இருக்கும். ஆகவே டீபக் செய்பவருக்கு மிஞ்சுவது நான்காவது மட்டும்: வட்டம் எங்கே? யார் எதை வைத்திருக்கிறார், எதைக் கேட்கிறார் என்று அம்புக்குறியால் வரையும் ரிசோர்ஸ் அலோகேஷன் கிராஃப் பாடத்தில், ஒவ்வொரு ரிசோர்ஸும் ஒன்றே ஒன்றாக இருந்தால் வட்டம் இருப்பதே டெட்லாக் என்று படித்திருப்பீர்கள். மியூட்டெக்ஸும் (காத்திருப்பவரைத் தூங்கவைக்கும் லாக்) ஸ்பின்லாக்கும் (கிடைக்கும்வரை சுழன்றுகொண்டே கேட்கும் லாக்) அப்படி ஒற்றையானவைதான். வட்டத்தைக் காகிதத்தில் வரைந்துவிட்டால் காரணம் கையில் வந்துவிடும். பேங்கர்ஸ் அல்காரிதத்தைத் தேர்வுக்குப் படியுங்கள், கணக்கைப் போட்டுப் பழகுங்கள். டீபக்குக்கு அது உதவாது. ஒவ்வொரு ப்ராசஸும் அதிகபட்சம் எவ்வளவு கேட்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் லினக்ஸ் போன்ற கெர்னல்கள் லாக்குகளுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை.

இனி லேப். கற்பித்தலுக்கென்று எழுதப்பட்ட, எம்ஐடியின் எக்ஸ்வி6 (xv6) கெர்னலையே எடுத்துக்கொள்கிறேன், பலரும் அதில்தான் பழகுகிறார்கள். அதன் லாக் லேபில் ஒரு பயிற்சி உண்டு. டிஸ்க் பிளாக்குகளின் நகலை மெமரியில் வைத்திருக்கும் பஃபர் கேஷ் முழுவதையும் ஒரே லாக் காக்கிறது, அதனால் எல்லா சிபியுவும் அங்கே முட்டிக்கொள்கின்றன. அதை, உதாரணமாக 13 பக்கெட் (பிளாக் எண்ணைப் பொறுத்துப் பஃபர்களைப் போடும் பிரிவு) கொண்ட ஹேஷ் டேபிளாகப் பிரித்து, பக்கெட்டுக்கு ஒரு லாக் போட வேண்டும். பலருடைய கெர்னலும் உறைவது இங்கேதான்.

உறைந்தவுடன் கன்ட்ரோல்-பி (Ctrl-P) அழுத்துங்கள். எக்ஸ்வி6-இல் அது ப்ராசஸ் பட்டியலைக் காட்டும். பட்டியல் வந்தால் ஏதோ ஒரு சிபியுவாவது இன்டரப்டை (விசைப்பலகை போன்ற சாதனங்கள் அனுப்பும் குறுக்கீட்டை) கவனிக்கிறது என்று பொருள். வரவே இல்லையென்றால் எல்லா சிபியுவும் இன்டரப்டை அணைத்துக்கொண்டு எதற்கோ சுழன்றுகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்வி6-இல் ஸ்பின்லாக் கேட்கும்போதே அந்த சிபியுவின் இன்டரப்ட் அணைக்கப்படுகிறது. ஒரு விசையிலேயே பாதி விசாரணை முடிந்துவிடும்.

அடுத்து ஜிடிபி (GDB) என்ற டீபக்கர். எக்ஸ்வி6 ஓடும் எமுலேட்டரான கியூஎமுவோடு (QEMU) முன்பே இணைத்து வைத்திருந்தால் கன்ட்ரோல்-சி போதும். ‘இன்ஃபோ த்ரெட்ஸ்’ கொடுத்தால் ஒவ்வொரு சிபியுவும் ஒரு த்ரெட்டாகத் தெரியும். ஜிடிபி 1-இலிருந்து எண்ணுகிறது, எக்ஸ்வி6 0-விலிருந்து எண்ணுகிறது. த்ரெட் 2 என்றால் சிபியு 1. இதைக் காகிதத்தின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் குழம்பும். பிறகு ‘த்ரெட் அப்ளை ஆல் பிடி’ (thread apply all bt). நம் உதாரணத்தில் உள்ள மூன்று சிபியுவின் பேக்ட்ரேஸும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்து நிற்கிறது என்ற பட்டியல்) வரிசையாக வரும்.

சிபியுக்கள் எல்லாம், ஓட வேண்டிய ப்ராசஸைத் தேடும் ஷெட்யூலர் சுழற்சியில் சும்மா இருந்தால், ஸ்பின்லாக் வட்டத்தைத் தேடிப் பயனில்லை. தூங்கும் ப்ராசஸை யாரும் எழுப்பவில்லை, அல்லது ஸ்லீப்லாக்குகளுக்குள் (தூங்கிக் காத்திருக்கவைக்கும் லாக்குகள்) வட்டம் இருக்கிறது. எழுப்பும் அழைப்பு தவறிப்போவதும் வெளியிலிருந்து பார்க்க டெட்லாக் மாதிரியே இருக்கும். நிபந்தனையைச் சோதித்த பிறகு, தூங்கப் போவதற்கு முன் உள்ள இடைவெளியில் வேக்கப் வந்து போய்விட்டால் அந்த ப்ராசஸ் அப்படியே கிடக்கும். எக்ஸ்வி6-இன் ஸ்லீப் ஃபங்ஷன், ப்ராசஸின் சொந்த லாக்கை எடுத்த பிறகே நாம் கொடுத்த லாக்கை விடுவது இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான். வைவாவில் இந்த வரிசை ஏன் இப்படி என்று கேட்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

நம் உதாரணத்தில் மூன்று பேக்ட்ரேஸும் லாக்கை எடுக்கும் அக்வயர் (acquire) ஃபங்ஷனில் முடிகின்றன. அதை அழைத்தது பிளாக்குக்கான பஃபரைத் தேடும் பிகெட் (bget), பிகெட்டை அழைத்தது பிளாக்கைப் படிக்கும் பிரெட் (bread). இப்போது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் போய், காத்திருக்கும் லாக்கின் ஸ்ட்ரக்டை அச்சிட்டுப் பாருங்கள். காம்பைலர் ஆப்டிமைஸ் செய்து மதிப்பு தெரியவில்லை என்று ஜிடிபி சொன்னால் ஒரு ஃப்ரேம் மேலே ஏறி, எந்த பக்கெட்டின் லாக்கைக் கேட்டது என்று பாருங்கள். ஸ்ட்ரக்டில் மூன்று விவரம் இருக்கும்: பிடிபட்டிருக்கிறதா, பெயர், எந்த சிபியு வைத்திருக்கிறது. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. அது ‘சிபியுஸ்’ அரேயின் தொடக்கம் என்று காட்டினால் சிபியு 0. ‘சிபியுஸ்+128’ என்றால் சிபியு 1, ‘+256’ என்றால் சிபியு 2. ரிஸ்க்-ஃபைவ் பதிப்பில் ஒரு சிபியு ஸ்ட்ரக்டின் அளவு 128 பைட்: ப்ராசஸ் பாயின்டருக்கு 8, சேமித்த 14 ரெஜிஸ்டருக்கு 112, கடைசி இரண்டு இன்டிஜருக்கு 8. உங்கள் ஸ்ட்ரக்டில் ஏதாவது சேர்த்திருந்தால் இந்த எண்ணும் மாறும்.

பார்த்ததை அப்படியே எழுதுங்கள். சிபியு 0 கேட்பது பக்கெட் 7, அதை வைத்திருப்பது சிபியு 1. சிபியு 1 கேட்பது பக்கெட் 3, அதை வைத்திருப்பது சிபியு 0. சிபியு 2 கேட்பதும் பக்கெட் 3. அம்புக்குறி போட்டால் 0-வுக்கும் 1-க்கும் நடுவில் வட்டம். சிபியு 2 வட்டத்தில் இல்லை, பின்னால் வந்து மாட்டிக்கொண்டது. பெரிய சிஸ்டத்தில் நூறு த்ரெட் நின்றாலும் வட்டத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான். மீதி எல்லாம் வரிசையில் நிற்கும் கூட்டம். கூட்டத்தின் பேக்ட்ரேஸை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தால் நாள் போய்விடும். வைத்திருப்பவர் யார் என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.

இடையில் ஒன்று. 13 லாக்குக்கும் ஒரே பெயர் வைத்தால் டீபக் செய்யும்போது பெயரால் பயனில்லை. தனித்தனிப் பெயர் வையுங்கள். ஆனால் லாக்கைத் தயார்செய்யும் இனிட்லாக் ஃபங்ஷன் பெயரை நகல் எடுக்காது, பாயின்டரை மட்டும் வைத்துக்கொள்ளும். ஃபங்ஷனுக்குள் இருக்கும் தற்காலிக பஃபரில் பெயரை உருவாக்கிக் கொடுத்தால் பிறகு குப்பைதான் தெரியும். ஸ்டாடிக் அரேயில் வையுங்கள்.

இந்த வட்டம் உருவான கதை எளிது. பிளாக் தன் பக்கெட்டில் இல்லை, காலி பஃபரும் இல்லை. ஆகவே தன் பக்கெட்டின் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு பக்கெட்டிலிருந்து பஃபரை எடுக்கப் போகிறது. எதிர்ப்பக்கம் இன்னொரு சிபியு அதையே தலைகீழாகச் செய்கிறது. சின்ன எண்ணுள்ள பக்கெட்டை முதலில் பூட்டு என்று விதி வைக்கலாம். ஆனால் எந்த இரண்டாவது பக்கெட் வேண்டும் என்பது முதலாவதைப் பூட்டித் தேடிய பிறகுதான் தெரிகிறது. அதனால் கையில் உள்ளதை விட்டுவிட்டு, வரிசைப்படி இரண்டையும் எடுக்க வேண்டும். இங்கே இன்னொரு குழி: விட்ட அந்த இடைவெளியில் வேறொரு சிபியு அதே பிளாக்கைக் கேஷுக்குள் கொண்டுவந்திருக்கலாம். மறுபடி எடுத்தவுடன் பிளாக் வந்துவிட்டதா என்று மீண்டும் தேடாவிட்டால் ஒரே பிளாக்குக்கு இரண்டு நகல் உருவாகும். டெட்லாக் போய்விடும், ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகும். அந்த பக் எங்கே வெடிக்கும் என்று சொல்லவே முடியாது. எனக்குப் பிடித்த தீர்வு, பஃபரை இடம் மாற்றுவதற்கென்று தனியாக ஒரு லாக் வைப்பது. கையில் உள்ள பக்கெட்டை விட்டு, மாற்ற லாக்கை எடுத்து, பிறகு பக்கெட்டை எடுத்து மீண்டும் தேடி, இல்லையென்றால் மட்டும் மாற்று. இரண்டு பக்கெட்டை ஒரே நேரத்தில் பிடிப்பவர் எப்போதும் ஒருவரே என்பதால் வட்டத்துக்கு வழியில்லை. எழுத்துத் தேர்வில் இந்தக் கடைசி வாக்கியம் போன்ற நிரூபண வரியை எழுதுங்கள். லாக் வரிசை வைத்தேன் என்று மட்டும் எழுதுவதைவிட, ஏன் வட்டம் வராது என்று ஒரு வரி எழுதுவதில்தான் புரிதல் தெரியும்.

சிபியு எண்ணிக்கையை 1 ஆகக் குறைத்து ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. எக்ஸ்வி6-இல் ஸ்பின்லாக் வைத்திருக்கும்போது இன்டரப்ட் கிடையாது, அந்த சிபியுவில் வேறு ப்ராசஸும் ஓடாது. ஆகவே இரண்டு ஸ்பின்லாக்கை மாற்றி மாற்றிப் பிடிக்கும் டெட்லாக் ஒரே சிபியுவில் நடக்க முடியாது. அப்போதும் உறைந்தால் ஸ்லீப் பக்கம் பாருங்கள்.

லினக்ஸுக்குப் போனால் வசதி கூடுகிறது. செய்தியே வகையைச் சொல்லிவிடும். ஒரு டாஸ்க் 120 விநாடிக்கு மேல் நிற்கிறது என்று ஹங் டாஸ்க் எச்சரிக்கை வந்தால், அது சிக்னலால் எழுப்ப முடியாத தூக்கத்தில், பெரும்பாலும் மியூட்டெக்ஸிலோ ஐ/ஓவிலோ இருக்கிறது. சாஃப்ட் லாக்கப் என்றால் ஒரு சிபியு கெர்னலுக்குள் சுழன்றுகொண்டு மற்றவர்க்கு இடம் தரவில்லை. இயல்பு வரம்பு 20 விநாடி. ஹார்ட் லாக்கப் என்றால் இன்டரப்டும் அணைந்து கிடக்கிறது. கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் சிஸ்ரிக்யூ (SysRq) விசை இயக்கத்தில் இருந்தால் ‘டபிள்யூ’ (w) எழுத்து நிற்கும் டாஸ்க்குகளைக் காட்டும், ‘எல்’ (l) ஓடும் சிபியுக்களின் பேக்ட்ரேஸைக் காட்டும், லாக் எடுக்கும் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப் சேர்த்துக் கட்டிய கெர்னலில் ‘டி’ (d) யார் எந்த லாக்கை வைத்திருக்கிறார் என்று காட்டும்.

லாக்டெப்பைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இங்கோ மோல்னார் எழுதியது, 2006-இல் 2.6.18 பதிப்பில் வந்தது. டெட்லாக் நடக்கவே தேவையில்லை என்பதுதான் இதன் பலம். ஏ-யைப் பிடித்துக்கொண்டு பி-யை எடுத்ததை ஒரு முறை பார்த்தால் குறித்துக்கொள்ளும். பிறகு எப்போதோ, வேறு டாஸ்க்கில், பி-யைப் பிடித்துக்கொண்டு ஏ-யை எடுத்தால் அங்கேயே எச்சரித்துவிடும். தனித்தனி லாக்குகளாக இல்லாமல் வகைகளாகப் பார்க்கிறது, ஒரே வரியில் இனிஷியலைஸ் ஆன லாக்குகள் எல்லாம் அதற்கு ஒன்றுதான். முதல் எச்சரிக்கைக்குப் பிறகு அது தன்னை அணைத்துக்கொள்ளும். அதனால் முதலாவதைத் தீர்த்துவிட்டு, மறுபடி பூட் செய்து ஓட்டினால்தான் அடுத்தது தெரியும்.

இன்டரப்டைக் குறித்து நேர்முகங்களில் விரும்பிக் கேட்பார்கள். லினக்ஸில் சாதாரண ஸ்பின்லாக் இன்டரப்டை அணைப்பதில்லை. அதை வைத்திருக்கும்போது அதே சிபியுவில் இன்டரப்ட் வந்து, அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஃபங்ஷனும் அதே லாக்கைக் கேட்டால், ஒரே ஒரு லாக், ஒரே ஒரு சிபியு, ஆனாலும் டெட்லாக். ஹேண்ட்லரும் தொடும் லாக்குக்கு இன்டரப்டை அணைக்கும் ஐஆர்க்யூசேவ் (irqsave) வகையே வேண்டும். இன்னும் நுணுக்கமானது, லாக் என்ற பெயரே இல்லாத காத்திருப்பு. ஒரு மியூட்டெக்ஸைப் பிடித்துக்கொண்டு, பிறகு செய்வதற்காக வொர்க்கியூவில் (workqueue) போட்ட வேலை முடியக் காத்திருக்கிறோம், அந்த வேலைக்கும் அதே மியூட்டெக்ஸ் வேண்டும். ஃபைல் சிஸ்டம் லாக்கை வைத்துக்கொண்டு சாதாரணமாக மெமரி கேட்கிறோம், மெமரி இல்லாததால் ரீக்ளெய்ம் (பயன்பாட்டில் உள்ள மெமரியை விடுவிக்கும் வேலை) தொடங்கி, அதே ஃபைல் சிஸ்டத்துக்குள் நுழைந்து, அதே லாக்கில் வந்து நிற்கிறது. மெமரி கேட்கும்போது ஃபைல் சிஸ்டத்துக்குள் நுழையாதே என்று சொல்லும் ஜிஎஃப்பி-நோஎஃப்எஸ் (GFP_NOFS) என்ற கொடி இருப்பது இதற்காகத்தான். வட்டம் வரையும்போது ‘காத்திருக்கிறது’ என்ற அம்புக்குறியை இவற்றுக்கும் போடுங்கள்.

கடைசியாக, சரிசெய்தது உண்மையிலேயே சரியாகிவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது? பல முறை ஓட்டினேன், உறையவில்லை என்ற பதில் போதாது. திருத்துவதற்கு முன்பே, முதல் லாக்குக்கும் இரண்டாவது லாக்குக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு நீண்ட வெற்றுச் சுழற்சியைப் போடுங்கள். அபூர்வமாக வந்த உறைவு சட்டென்று வரத் தொடங்கும். திருத்திய பிறகும் இரண்டு லாக் எடுக்கும் அந்த இடத்தில் அதே தாமதத்தை விட்டுவைத்து, சிபியு எண்ணிக்கையைக் கூட்டி ஓட்டுங்கள். அப்போதும் உறையாவிட்டால் தாமதத்தை எடுத்துவிட்டு லேபைச் சமர்ப்பிக்கலாம்.