துணி கொதித்தது, ஆனால் காயவில்லை

ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் டோபி கடை, அதாவது சலவைக் கடை, வைத்திருக்கிறேன். காசு போட்டால் ஓடும், துணி காயவைக்கும் ஆறு கேஸ் டிரையர்கள். பினாங்கில் அக்டோபர் என்றாலே மழை. தீபாவளியும் நெருங்கிவிட்டால் ஜன்னல் திரையிலிருந்து சோபா உறை வரை கடைக்கு வந்துவிடும். போன வருடம் அந்த நேரம் பார்த்துத்தான் மூன்றாம் டிரையர் மக்கர் பண்ணியது. பத்து நிமிடம் ஓடும், வெளியேறும் காற்று அதிகச் சூடு என்று எச்சரிக்கை வரும், பர்னர் அணைந்துவிடும். கதவைத் திறந்தால் துணி கையைச் சுடும், ஈரம் மட்டும் அப்படியே இருக்கும்.

அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நானோ சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புதிது வாங்கி மாட்டினேன். அன்று சாயங்காலமே அதே எச்சரிக்கை. பஞ்சு வடிகட்டியும் சுத்தமாகத்தான் இருந்தது. தெரிந்த பையன் ஒருவன், "அண்ணே, அந்த ஹீட் சுவிட்ச் வயர் ரெண்டையும் சேர்த்து முறுக்கிடுங்க, ஓடும்" என்றான். ஓடும்தான். சூடு மீறினால் கேஸை நிறுத்துவதே அந்தச் சுவிட்ச்தான். மாடியில் ஒரு குடும்பம் தூங்குகிறது. வேண்டாம் தம்பி என்றேன்.

கேஸ் வேலை பார்க்கும் அண்ணன் வந்தார். மெஷினைத் திறக்கவே இல்லை. பின்சந்துக்குப் போய், டிரையர் காற்று வெளியேறும் ஒவ்வொரு குழாய் வாயிலும் கையை நீட்டினார். ஐந்தில் காற்று அடித்துத் தள்ளியது. மூன்றாவதில் மூச்சு விடுகிற அளவுதான்.

"இதுல யாரு வலை கட்டுனது?"

நான்தான். மைனா கூடு கட்டுகிறதே என்று அந்த ஒரு வாயில் மட்டும் பொடிக் கம்பி வலை கட்டியிருந்தேன். அதில் பஞ்சு படிந்து, மழையில் நனைந்து, கம்பளம் மாதிரி இறுகிப் போயிருந்தது. விசிறி இழுக்கிற காற்றுதான் பர்னர் சூட்டைத் துணிக்குக் கொண்டுவருகிறது. ஈரத்தை வெளியே கொண்டுபோவதும் அதுதான். வழி அடைத்தால் இரண்டும் உள்ளேயே தங்கும். வலையைப் பிடுங்கிவிட்டு, குழாயைக் கழற்றித் தூரிகை விட்டு இழுத்தோம். வளைவுகளிலிருந்து மட்டும் அரைப் பை பஞ்சு. வலைக்குப் பதில், காற்று தள்ளினால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் தகடு போட்டோம்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். சனிக்கிழமை ராத்திரி ஆறும் ஒன்றாக ஓடியபோது மறுபடியும் எச்சரிக்கை. இந்த முறை மூன்றிலும் ஐந்திலும்.

போனில் சொன்னதும் அண்ணன், "பின்னாடி ஜன்னல் திறந்திருக்கா?" என்றார்.

சாரல் அடிக்கிறதென்று பிளைவுட் வைத்து அடைத்திருந்தேன். ஆறு விசிறி வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லை. அந்த இழுப்பில் இறுகிய முன்பக்கக் கண்ணாடிக் கதவை வாடிக்கையாளர்கள் திணறி இழுத்ததை நான் கீல் பழுது என்று நினைத்து எண்ணெய் விட்டிருந்தேன்! இப்படி அடைத்த கடையில் எரிந்த புகை உள்ளேயே திரும்பலாம் என்று அவர் திட்டினார். அந்தப் புகையில் இருக்கக்கூடிய விஷவாயு கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது.

அன்றே பிளைவுட்டை எடுத்தேன். பிறகு சாரல் படாதபடி சாய்வுத் தகடு வைத்த ஜன்னல் போட்டாயிற்று. கழற்றிய சென்சாரை அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது.