டோக்கன் வராத வீடு

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது வடசென்னையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு 1000 ரூபாய் ரொக்கம், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசம் என்று தமிழக அரசு அறிவித்திருந்தது. கூட்டம் சேராமலிருக்க வீடு தேடி டோக்கன் வந்தது. தேதியும் நேரமும் எழுதிய துண்டுச் சீட்டு. கடை வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள். கடை ஊழியர்கள் உள்ளுக்குள் பயத்தோடுதான் தெருத்தெருவாக நடந்தார்கள். அத்தனை பேர் கையில் அவ்வளவு சீக்கிரம் காசைச் சேர்க்க ரேஷன் கடையால்தான் முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டோக்கன் வராத வீடுகள்தான் எங்கள் வேலை. சர்க்கரை அட்டைக்காரர்களுக்குக் கிடையாது. அட்டையே இல்லாத வெளியூர்க்காரர்களுக்கும் கிடையாது.

அப்புறம் அந்தப் பெண். ஒற்றை அறை, இரண்டு பிள்ளைகள். பாத்திரம் தேய்த்த மூன்று வீட்டிலும் ‘இப்போதைக்கு வராதம்மா’ என்று சொல்லிவிட்டார்கள். கணவரை விட்டு வந்து ஐந்து வருடம்.

“உங்க பேரு எந்தக் கார்டுலம்மா இருக்கு?”

“அவரு கார்டுலதான்க்கா. பசங்க பேரும் அங்கதான்.”

ஆக, கணக்குப்படி இந்தப் பிள்ளைகளுக்கான அரிசியும் பணமும் போய்ச் சேர்ந்துவிட்டன. புது அட்டை வேண்டுமானால் முதலில் பழையதிலிருந்து பெயரை நீக்க வேண்டும். கைபேசியில் விண்ணப்பிக்கப் பார்த்தேன். ஓடிபி அவர் கணவர் எண்ணுக்குப் போனது. அந்தப் பெண் ஆதார் ஜெராக்ஸை மடியில் வைத்து, மடிந்த ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது போல.

அன்றைக்கு எங்களால் முடிந்தது பத்து கிலோ அரிசியும் கொஞ்சம் பருப்பும்தான். பிரிந்து வாழும் பெண்ணிடம் கணவரின் சம்மதத்தைக் கேட்கும் எந்த ஏற்பாடும் தவறு. பேரிடர் வந்தபின் அல்ல, அதற்கு முன்பே திருத்தியிருக்க வேண்டியது.

ஊரடங்கு தளர்ந்ததும் வழங்கல் துறை அலுவலகத்துக்கு நாலைந்து தடவை அலைந்து புது அட்டை வாங்கினோம். 2021இல் அரிசி அட்டைக்குக் கொரோனா நிவாரணமாக 4000 ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். ஜூனில் இரண்டாவது தவணையோடு 14 மளிகைப் பொருட்களும் சேர்ந்து வந்தன. அன்று மாலை எனக்கு போன் செய்தார்.

“அக்கா, குளிக்கிற சோப்புகூட வச்சிருக்காங்கக்கா!”

சோப்பைப் பற்றி மட்டுமே பேசினார். பின்னால் பிள்ளைகள் பையைப் பிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.