பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்: பழைய பைபர் படகைத் தேற்றிய அனுபவம்

நானும் அண்ணனும் சேர்ந்து தரங்கம்பாடிப் பக்கம் 28 அடி பைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். உடம்பில் பெரிய அடி இல்லை. ஆனால் நீல நிறம் வெளுத்துக் கிடந்தது, விரலால் தேய்த்தால் பொடி ஒட்டியது. "எனாமல் ரெண்டு கோட் அடிங்க, புதுசாயிடும்" என்றார் விற்றவர். கரையில் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். பொடிந்த பரப்பில் அடித்த பெயின்ட் சீக்கிரமே செதில் செதிலாக உரிந்துவிடுகிறது.

பைபருக்கு மேல் இருக்கும் நிறத்தோல்தான் ஜெல்கோட். சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். வெயில் அதன் மேல்பரப்பை மட்டுமே அரிக்கிறது, அடியில் நல்ல நிறம் அப்படியே இருக்கும். படகு கட்டும் மேஸ்திரி ஒருவர் ஓரமாக ஒரு சாண் இடத்தை, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் தேய்த்துக் காட்டினார். நீலம் எழும்பி வந்தது. "தோல் உசிரோட இருக்கு தம்பி, பெயின்ட் வேணாம்" என்றார். பைபர் இழை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மட்டுமே புது ஜெல்கோட் தேவை.

ஐப்பசி, கார்த்திகையில் படகு கரையில் சும்மா கிடக்கும்தான், ஆனால் அந்த ஈரக்காற்றில் ரெசின் வேலை, அதாவது ஜெல்கோட் போன்ற பிசின் பூசும் வேலை, சரிப்படாது. பங்குனியில் தொடங்கினோம். நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோன் துணியால் துடைத்தோம்.

முதலில் விரிசல்கள். முடி போன்ற விரிசலின் மேல் அப்படியே பூசினால் உள்ளே இறங்காது. அதைச் சற்றுக் கீறி அகலப்படுத்தி ஜெல்கோட் நிரப்ப வேண்டும். ஒரு கிலோ ஜெல்கோட்டுக்கு, அதை இறுக வைக்கும் திரவமான கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி. வெயில் ஏறினால் கலவை கிண்ணத்திலேயே இறுகிவிடும் என்பதால் காலையிலேயே முடித்தோம். சாதாரண ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும், பூசியதும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடினால் நன்றாக இறுகும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கேட்டலிஸ்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது.

அப்புறம்தான் தேய்ப்பு. 600, 800, 1000, 1500 என்று (எண் கூடக் கூட நைசு) வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு படிப்படியாக மாற்றினோம். ஒவ்வொரு படிக்கும் முன் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, அவை மறைந்ததும் நிறுத்தினோம். அதற்கு மேல் தேய்த்தால் தோல்தான் குறையும். விளிம்புகளில் ஜெல்கோட் மெல்லியது, அங்கே கை மெதுவாகத்தான் போக வேண்டும். பிறகு மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்ட். பஃபிங் மிஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூட்டில் ஜெல்கோட் கருகும். தேய்ப்பில் அழிந்த பதிவு எண்ணை, பதிவுச் சான்றில் உள்ளபடியே திரும்ப எழுதினோம்.

பளபளப்பு வந்ததோடு விட்டால் வெயில் மறுபடி அரிக்கும். தண்ணீருக்கு மேலே நிற்கும் பகுதி முழுக்க மெழுகு பூசினோம். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கும்வரை மெழுகு இருக்கிறது, பரவி வழிந்தால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. கரைக்கு வந்ததும் மீன் ரத்தத்தையும் உப்பையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறோம். தார்ப்பாயை ஈரப் படகின் மேல் ஒட்டிப் போடாமல், கம்பு நட்டு காற்று போக இடம்விட்டுக் கட்டியிருக்கிறோம். மணலில் இழுபடும் அடிப்பகுதிக்கு மெழுகு உதவாது. அங்கே மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ரெசின் பூசிக் கனம் ஏற்றும் வேலை அடுத்த பங்குனிக்கு.