எந்தத் தெரு வரை வந்திருக்கிறது?

2010 ஆரம்பத்தில் நானும் மனைவியும் பாங்காக்கில் குடியேறினோம். சீலோம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. மகேசக் தெருவில் ரத்தினக்கல் வியாபாரம் செய்யும் சின்ன அலுவலகம் ஒன்றில் எனக்குக் கணக்கு வேலை. அந்த வட்டாரத்தில் கீழக்கரை, காயல்பட்டினத்துக்காரர்கள் பல காலமாகக் கல் வியாபாரம் செய்கிறார்கள். பான் தெரு முனையில் மாரியம்மன் கோயில் வேறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. வாசலில் தாய்லாந்துப் பெண்கள் சாமந்தி மாலை விற்பார்கள், உள்ளே குருக்களிடம் தமிழில் பேசலாம். அதனால் ஊர் அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. பிடிபடாமல் இருந்தது நிறம்தான்.

வேலையில் சேர்ந்த புதிதில் அலுவலக உதவியாளர் பெண் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "இந்த மாதம் சிவப்பும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம்" என்றாள். அவள் வடகிழக்கே உதோன் தானிக்காரி. கல்லைத் தரம் பிரித்து, எடை போட்டு, காகிதத்தில் மடித்து வைப்பது அவள் வேலை. அரசியலும் அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். பிரதமராக இருந்த தக்சின் சினவாத்ராவை 2006இல் ராணுவம் கவிழ்த்தது. 2008 கடைசியில் அவருக்கு எதிரான மஞ்சள் சட்டைக்காரர்கள் சுவர்ணபூமி விமான நிலையத்தையே பிடித்து உட்கார்ந்தார்கள். அதே சமயத்தில் நீதிமன்றம் தக்சின் தரப்பு ஆளும் கட்சியைக் கலைத்தது; தேர்தல் நடக்காமலே, நாடாளுமன்ற வாக்கெடுப்பில் அபிசித் வேச்சாச்சீவா பிரதமரானார். தக்சின் ஆதரவாளர்களான சிவப்புச் சட்டைக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: சபையைக் கலை, தேர்தல் வை. "நாங்கள் போட்ட ஓட்டை எத்தனை தடவை அழிப்பார்கள்?" என்று கேட்டபடியே அவள் கல்லை மடிப்பாள். எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கோ சிவப்புச் சட்டை என்றாலே ஆகாது. காசு வாங்கிக்கொண்டு வந்த கூட்டம் என்பார்.

மார்ச் நடுவில் அந்தக் கூட்டம் வந்தது. பிக்கப் வண்டிகளின் பின்னால் குடும்பம் குடும்பமாக ஆட்கள், கையில் பிளாஸ்டிக் கிலுகிலுப்பை, மூங்கில் கூடைகளில் ஒட்டும் அரிசிச் சோறு. லாரி பிடித்து ஆள் கூட்டிவரும் நம்மூர் மாநாட்டைப் பார்த்தவனுக்கு இதில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. மார்ச் 16 அன்று தங்கள் ரத்தத்தையே சேகரித்து அரசு மாளிகை வாசலில் கொட்டினார்கள். டி.வி.யில் அதைப் பார்த்து என் மனைவிக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கூட்டம் இருந்தது ராச்சதம்னோன் பெருஞ்சாலையில், பழைய நகரத்தில். நாங்கள் அந்தப் பக்கம் போகிற ஆட்களே இல்லை.

இப்போது யோசித்தால், அந்த இரண்டு மாதமும் நாங்கள் வன்முறையை இறந்தவர்களின் எண்ணிக்கையால் அளக்கவில்லை, தெருவால்தான் அளந்தோம். இன்றைக்கு எந்தத் தெரு வரை வந்திருக்கிறது? அதற்கு இந்தப் பக்கம் எல்லாம் சாதாரண வாழ்க்கை. அந்தக் கோடு நகர நகர, 'சாதாரணம்' என்பதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டோம்.

ஏப்ரல் 3ஆம் தேதி கோடு ராச்சபிரசோங் சந்திப்புக்கு வந்தது. பெரிய பெரிய வணிக வளாகங்கள் நிற்கும் இடம் அது. எரவான் சன்னிதி பிரம்மாவும் அங்கேதான் இருக்கிறார். அவரைச் சுற்றிக் கூடாரம் போட்டுச் சமைக்கத் தொடங்கினார்கள், கடைகள் இழுத்து மூடப்பட்டன. அவசரநிலை அறிவித்தார்கள். ஏப்ரல் 10 இரவு ராச்சதம்னோன் பக்கம் ராணுவம் கூட்டத்தைக் கலைக்கப் போனபோது இரு தரப்பிலும் சேர்த்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ராணுவ அதிகாரி ஒருவர், ஜப்பானியப் படப்பிடிப்பாளர் ஒருவர் எல்லாரும் அதில் அடக்கம். கூட்டத்துக்குள் கறுப்பு உடையில் ஆயுதக்காரர்கள் இருந்தார்கள் என்றது அரசு. ராணுவம் குறிபார்த்துச் சுட்டது என்றார்கள் சிவப்புக்காரர்கள்.

எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர்; அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். பல ஆட்சிக் கவிழ்ப்புகளைப் பார்த்தவர். "அது அந்தப் பக்கம் தம்பி. சீலோமுக்கு வராது. இது பேங்க் இருக்கிற ரோடு" என்றார். நானும் நம்பினேன், நம்பத்தானே வேண்டும்? மூன்று நாளில் சொங்க்ரான் புத்தாண்டு. தண்ணீர்த் துப்பாக்கியோடு பிள்ளைகள் சந்துக்குள் ஓடினார்கள், வீட்டுக்கார அம்மா எங்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றினார். உதோன் தானிப் பெண் மட்டும் ஊருக்குப் போகவில்லை. அவள் சித்தப்பா கூடாரத்தில் இருந்தார். தினமும் சாயங்காலம் அவருக்குச் சோறு கட்டிக்கொண்டு போவாள்.

சொங்க்ரான் முடிந்ததும் கோடு சாலா தேங்குக்கு வந்தது. சீலோம் சாலை தொடங்கும் இடம். லும்பினி பூங்கா எதிரே. ஒருநாள் காக்காவோடு அங்கே இருந்த ஒரு வங்கிக்குப் போனேன். ஆள் உயரத்துக்கு மேல் லாரி டயர்கள் அடுக்கி, இடுக்குகளில் மூங்கிலைச் சீவிச் சொருகியிருந்தார்கள். சீவிய முனைகள் பச்சை காயாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மேலே கறுப்பு வலை. பக்கத்தில் போனால் மண்ணெண்ணெய் வாடை. இந்தப் பக்கம் சுருள் முள்கம்பி, கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் தூங்கும் சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் அரசை ஆதரிக்கும் உள்ளூர்க் கூட்டம், சாலையைத் தாண்டி வசை பாடிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் நடுவே வறுத்த மீன் விற்கும் தள்ளுவண்டி தன் இடத்திலேயே நின்றது. சிப்பாய்களும் வாங்கினார்கள், வங்கி ஊழியர்களும் வாங்கினார்கள்.

ஏப்ரல் 22 இரவு அந்த நடைபாதைக் கூட்டத்தில்தான் எறிகுண்டுகள் விழுந்தன. ஒரு பெண் இறந்தார், எண்பது பேருக்கு மேல் காயம். எங்கள் வீட்டில் சத்தம் கேட்டது. பட்டாசு என்றேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தினாள். மறுநாள் அலுவலகம் உண்டு. வந்த உத்தரவு இதுதான்: சாலா தேங் பக்கம் போகாதீர்கள்.

மே முதல் வாரம் நவம்பரில் தேர்தல் என்று பிரதமர் அறிவித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. பேச்சு முறிந்தது. மே 13 மாலை, சிவப்புக்காரர்களோடு சேர்ந்திருந்த ராணுவ மேஜர் ஜெனரல் கத்தியா சவஸ்திபோன், சாலா தேங் அருகே நிருபரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே தலையில் சுடப்பட்டார். நான்கு நாளில் இறந்தார். அதன் பிறகு கோடு என்று ஒன்று கிடையாது. ராமா 4 சாலையில் போன் காய் என்ற பகுதியில் டயர் எரியும் புகை பகலை இருட்டாக்கியது. ராச்சபிராரோப் சாலையில், 'இங்கே நிஜத் தோட்டா சுடப்படும்' என்று எழுதியே வைத்துவிட்டார்கள். மேம்பால ரயிலும் இல்லை, சுரங்க ரயிலும் இல்லை. ஊரிலிருந்து மாமியார் தினமும் போன்: "டி.வி.யில ஊரே எரியுதே, கிளம்பி வாங்க மாப்பிள்ளை." அது வேறு தெரு அத்தை என்று சொல்ல வாயெடுப்பேன், அடங்கிவிடுவேன்.

மே 19 விடியற்காலை கவச வண்டிகள் அந்த டயர் மதிலை இடித்துக்கொண்டு போயின. மதியம் தலைவர்கள் சரணடைந்தார்கள். அப்புறம்தான் தீ. சென்ட்ரல் வேர்ல்டு வளாகம், சியாம் தியேட்டர், பங்குச் சந்தைக் கட்டடம் என்று எரிந்தன. இரவு எட்டு மணி முதல் காலை ஆறு வரை ஊரடங்கு. வீட்டுக்கார அம்மா மாடியேறி வந்து ஒரு குண்டான் சோறும் முட்டைப் பொரியலும் வைத்துவிட்டு, "கதவைத் திறக்காதே" என்று என் மனைவியிடம் சைகை காட்டினார். என் மனைவிக்கு அப்போது தாய்லாந்து மொழியில் காய்கறிப் பெயர்களுக்கு மேல் தெரியாது. ஆனாலும் அந்த வாரத்தில்தான் அவர்கள் இருவரும் சிநேகமானார்கள்.

அரசாங்கக் காரியம் மட்டும் எதற்கும் நிற்பதில்லை. வெளிநாட்டவர் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைக் குடிவரவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். கெடு தாண்டி ஏழு நாள் அவகாசம். எனக்கு அந்தக் கெடு சரியாக அந்த வாரத்தில் விழுந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் அந்த அலுவலகம் இருக்கும் சேங் வத்தனாவுக்கு ஓடினேன். அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தாமல் முத்திரை குத்தினார்.

மே 23 ஞாயிறு, ஆயிரக்கணக்கான நகரவாசிகள் விளக்குமாறும் வாளியுமாக இறங்கிச் சீலோமையும் ராச்சபிரசோங்கையும் கழுவினார்கள். வீட்டுக்கார அம்மாவும் போனார். நாங்களும் போனோம், தார்ச்சாலையில் உருகி ஒட்டிய ரப்பரைச் சுரண்டினோம். பத்திரிகைகள் அதை ஒற்றுமை என்று எழுதின. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் பட்டது. உதோன் தானிப் பெண் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜூனில் வேலைக்குத் திரும்பியவள், சித்தப்பா உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தார் என்று மட்டும் சொன்னாள். அந்த இரண்டு மாதத்தில் 90 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். பெரும்பாலோர் அவள் பக்கத்து ஆட்கள். கழுவிய தண்ணீரில் எது போனது என்று அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கில்லை. அரசியல் பாடமும் அதோடு நின்றது.

2014 ஜனவரியில் சிவப்புக்காரர்களுக்கு எதிர்த் தரப்பு 'பாங்காக்கை முடக்குவோம்' என்று கிளம்பி, அதே சாலா தேங்கில், அதே லும்பினியில் மேடை போட்டது. அரசு மாறியிருந்தது, நிறமும் மாறியிருந்தது. அப்போது புதிதாக வந்த திருச்சிப் பையன் ஒருவன், மனைவியையும் குழந்தையையும் கூட்டிவரலாமா அண்ணா என்று கேட்டான். மே மாதம் வரை பொறு என்றேன். காக்கா அதற்குள் காயல்பட்டினம் திரும்பியிருந்தார். இருந்திருந்தால், கூட்டி வா தம்பி, இது பேங்க் இருக்கிற ரோடு என்றுதான் சொல்லியிருப்பார். மே 22 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆகஸ்டில் அவன் குடும்பம் வந்தது.