பாலாறு பிறக்கும் பக்கம்: பெங்களூரைச் சுற்றி மலையேறிய குறிப்புகள்

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

காலை நாலரைக்கு ஹெப்பாளில் பைக்கை எடுத்து ஆறு மணிக்குள் நந்தி மலை அடிவாரத்தில் இருக்கிற சுல்தான்பேட்டைக்கு வந்துவிட்டேன். நந்தி மலைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், எல்லாமே தார்ச்சாலை வழியாக, ஒவ்வொரு வளைவிலும் கார் வரிசைக்குப் பின்னால் நின்று நின்று, மேலே போய்ச் சேரும்போது சூரியன் நன்றாக எழும்பிவிட்டிருக்கும். இன்றுதான் முதன்முதலாகப் படிவழி. 1175 படிகள் என்று சொல்வார்கள். இருநூறு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். எண்ணிக்கொண்டே போனால் பக்கத்தில் எதுவும் கண்ணில் படுவதில்லை.

கருங்கல் படிகள், ஒன்று அரையடி உயரம் என்றால் அடுத்தது ஒன்றேகால் அடி. கோட்டைக் காலத்து வழி. 1791 அக்டோபரில் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படை திப்பு சுல்தானிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தபோது பீரங்கிகளை இந்தப் பாறைச் சரிவுகளில் ஏற்றினார்கள் என்பதை, முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீரோடு மூச்சு வாங்கும்போதுதான் முழுசாக நினைத்துப் பார்க்க முடிகிறது. பாதி வழியில் பனி மூடிக்கொண்டது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை, சின்னான் குருவிகள் கத்துவது மட்டும் கேட்டது.

நான் வாணியம்பாடிக்காரன். பாலாறு நந்தி மலையில் பிறக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவன். பெங்களூரில் பத்து வருடமாக வேலை பார்த்தும், நம்ம ஆற்றின் தலைப்பக்கம் இங்கேதான் இருக்கிறது என்ற எண்ணத்தோடு ஒரு முறைகூட இங்கே வந்ததில்லை. பாலாறு, தென்பெண்ணை, வடபெண்ணை, அர்க்காவதி, சித்ராவதி எல்லாமே இந்த மலைக்கூட்டத்தைச் சுற்றித்தான் கிளம்புகின்றன. போன வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணைக் கரையோரம் வீடுவீடாகப் புகுந்ததை டிவியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஆற்றின் தொடக்கமும் இந்தப் பக்கம்தான். அதனால்தான் இன்று கிளம்பினேன், வேறு காரணம் இல்லை.

மேலே, 1478 மீட்டரில், காற்று காதைக் கிழித்தது. யோக நந்தீஸ்வரர் கோயில் வாசலில் கொய்யாப்பழம் விற்ற பாட்டி "யாவ ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். பாலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டதற்குக் கையைக் கிழக்குப் பக்கம் சும்மா வீசிக் காட்டினார். ஒரு ஊற்றைக் காட்டி "இதுதான்" என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். மலைச்சரிவு முழுக்க வழிகிற மழைநீர் ஏரி ஏரியாகச் சேர்ந்துதானே ஆறாகிறது, அவர் காட்டியதுதான் சரி.

டிசம்பர் 15, ஞாயிறு

சிவகங்கை. நம்ம சிவகங்கை இல்லை, துமகூரு சாலையில் டாபஸ்பேட்டை பக்கம் இருக்கிற சிவகங்கே. 1368 மீட்டர். அடிவாரத்திலிருந்து கோயில்கள், படிகள், இரும்புக் கைப்பிடி, கடைகள், குரங்குகள். குரங்குகளைப் பற்றி யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வேன்: கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், தின்கிற எதுவும் வெளியே தெரிய வேண்டாம். முன்னால் போன குடும்பத்தின் குழந்தை கையிலிருந்த பிஸ்கட் பொட்டலம் ஒரு நொடியில் போய்விட்டது, பயத்தில் அந்தக் குழந்தை அழுத அழுகை மனசை விட்டுப் போகவில்லை.

கங்காதரேஸ்வரர் கோயிலில் லிங்கத்தின் மேல் நெய்யைத் தேய்த்தால் வெண்ணெயாகிறது என்பது இங்கே எல்லாரும் நம்புகிற விஷயம். ஒளகல் தீர்த்தத்தில் பாறைக் குழிக்குள் கையை விட்டுத் துழாவினேன், தண்ணீர் விரலில் பட்டது. பட்டால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், இந்த மலையில்தான் குமுத்வதி என்ற சிற்றாறு பிறக்கிறது என்பது. அது போய் அர்க்காவதியில் சேர்கிற இடத்தில்தான் திப்பகொண்டனஹள்ளி அணையைக் கட்டினார்கள், 1930களில். ஒரு காலத்தில் பெங்களூரின் குடிதண்ணீரே அதுதான். இன்று நகரம் காவிரியை நம்பி இருக்கிறது, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேலே பம்ப் செய்து கொண்டுவருகிறார்கள். பக்கத்திலேயே பிறக்கிற இரண்டு ஆறுகளின் வரத்துக் கால்வாய்கள் லேஅவுட்டுகளுக்கும் யூகலிப்டஸ் தோப்புகளுக்கும் அடியில் போய்விட்டன. இதை எழுதும்போதே கோபம் வருகிறது.

கடைசி ஏற்றம் செங்குத்து. பாறையில் வெட்டிய சின்னச் சின்னப் படி, ஒரு பக்கம் கம்பி. உச்சிக்குச் சற்று கீழே பாறையிலேயே செதுக்கிய நந்தி. அங்கே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட நினைத்தேன், குரங்குகள் வந்துவிட்டன, கீழே வந்துதான் சாப்பிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

போகவில்லை. வலது முழங்கால். இறங்கும்போதுதான் முழங்கால் அடி வாங்குகிறது, ஏறும்போது தெரிவதே இல்லை. அடுத்த வாரத்துக்குச் சாவனதுர்காவை ஆன்லைனில் பதிவு செய்தேன். வனத்துறையின் மலைப்பாதைகளுக்கு நாளுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம்.

டிசம்பர் 29, ஞாயிறு

சாவனதுர்கா மலை என்றால் மலை இல்லை, ஒற்றைப் பாறை. மாகடிக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர் உயரத்துக்கு ஒரே கல் எழுந்து நிற்கிறது. கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு முகடு, கறுப்புக் குன்று, வெள்ளைக் குன்று. வழி கரிகுட்டாவில்தான். படியும் கிடையாது, ஒற்றையடிப் பாதையும் கிடையாது. பாறையில் வெள்ளைச் சுண்ணாம்பில் போட்ட அம்புக்குறி, அதைப் பார்த்துக் காலை முழுசாகப் பதித்து ஏறிப் போக வேண்டியதுதான். இந்தக் கிரானைட்டுக்கு வயது சுமார் 250 கோடி வருடம், ராமநகரத்துக்குப் பழைய பெயரான குளோஸ்பேட் என்பதையே புவியியலாளர்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள். பெங்களூரைக் கட்டிய கெம்பேகவுடா வம்சத்தின் கோட்டை இங்கே இருந்தது, பிறகு திப்புவிடம் போய், 1791 டிசம்பரில் கார்ன்வாலிஸிடம் விழுந்தது. நந்தி விழுந்து இரண்டே மாதம். இடிந்த மதில் பாறையோடு பாறையாக இன்னும் நிற்கிறது.

ஒரு இடத்தில் வழுக்கினேன். இரவு பெய்த பனி காயாத பாசிப் பட்டை, என் ஷூவின் அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. நாலைந்து அடி சறுக்கி, உள்ளங்கையும் முழங்கையும் சிராய்த்து, ஒரு பள்ளத்தில் கால் மாட்டி நின்றேன். பின்னால் வந்த மாகடிப் பையன் ஒருவன், கல்லூரியில் படிப்பவன், ஓடி வந்து கையைப் பிடித்து, "குத்கொள்ளி அண்ணா, குத்கொள்ளி" என்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். மழை நாளில் இந்தப் பாறையில் ஏறவே கூடாது என்றும், இங்கே வழிதவறிப் போனவர்களும் விழுந்தவர்களும் உண்டு என்றும் சொன்னான். அவன் செருப்புக்கூட இல்லாமல் ஏறினான். நானும் ஷூவைக் கழற்றிவிட்டு மீதியை வெறுங்காலோடு ஏறினேன், பிடிமானம் அப்படி ஒரு பிடிமானம்.

உச்சியில் சின்ன நந்தி மண்டபம். கீழே மஞ்சனபெலே அணை நீலமாகத் தெரிந்தது. அதில் நிற்பது அர்க்காவதித் தண்ணீர். மூன்று வாரம் முன்னால் நந்தியில் பனிக்குள் நின்று நான் பார்க்க முடியாமல் போன அதே ஆறு, இவ்வளவு தூரம் வந்து இங்கே கிடக்கிறது, இனி கனகபுரா தாண்டிச் சங்கமத்தில் காவிரியில் சேரும். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இரவு அப்பாவிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன், சறுக்கியதைத் தவிர.

ஜனவரி 19, 2025, ஞாயிறு

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். எழுபத்தொன்று. படி ஏற முடியாது. நண்பன் காரில் முதலில் அடிவாரத்து நந்தி கிராமம், போக நந்தீஸ்வரர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில் நுளம்பர் காலத்தில் தொடங்கி, சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று ஆளாளுக்குச் சேர்த்துக் கட்டியது. ஒரு சந்நிதியின் பெயர் அருணாசலேஸ்வரர் என்றதும் அப்பா, "நம்ம திருவண்ணாமலை சாமியா!" என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். நாலு பக்கமும் படி இறங்குகிற குளத்தில், நந்தி கொம்பால் குத்திக் கங்கையை வரவழைத்தது என்று அங்கே கதை சொல்கிறார்கள். அப்பா கடைசிப் படியில் உட்கார்ந்து, தண்ணீரைக் கையால் அளைந்தபடி, ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சின்ன வயதில் பாலாற்றில் தண்ணீர் ஓடாத மாதத்திலும் மணலை முழங்கை ஆழம் பறித்தால் ஊற்று வருமாம். பாட்டி அதைச் சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றுவாராம். அப்புறம் தோல் தொழிற்சாலைக் கழிவு, அப்புறம் மணல் லாரி. "மணல் போச்சு, ஊத்து போச்சு. ஆறுன்னா மேல ஓடுற தண்ணி மட்டுமாடா?" என்றார். 2021 நவம்பரில் பேத்தமங்கலம் ஏரி நிரம்பி வழிந்து, ஆந்திர எல்லையில் இருக்கிற புல்லூர் தடுப்பணை தாண்டிக் கரை புரண்டு வந்த வெள்ளத்தை, கனக நாச்சியம்மன் கோயில் பக்கம் போய் மூன்று நாள் தொடர்ந்து பார்த்தவர் அவர்.

பிறகு காரில் மேலே போனோம். 2021 ஆகஸ்டில் மழையில் சரிந்த சாலை இது, இப்போது சரிசெய்துவிட்டார்கள். கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரருகே அவரை நிறுத்தி, அதோ சிந்தாமணி, அதற்கப்பால் கோலார், பேத்தமங்கலம், அதற்கும் அப்பால் நம்ம ஊர் என்று காட்டினேன். வெயில் மங்கலில் ஏரிகள் மட்டும் தகரத் துண்டுகள் போல ஒன்றன்பின் ஒன்றாக மின்னின. அப்பா அவற்றை விரல்விட்டு எண்ணினார், பதினொன்றில் குழம்பி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"இத்தனையும் ரொம்பித்தான் நமக்கு வரணும், இல்ல?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன், தோலைக் கீழே போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கார் ஏறும்போது, "ஆகஸ்ட், செப்டம்பர்ல இங்க நல்ல மழை பேஞ்சா எனக்கு ஒரு போன் பண்ணு. நான் புல்லூர்ல போய்ப் பாத்துக்கிறேன்" என்றார். சரி என்றேன். மழைக்காலம் வரட்டும், அந்த மாதங்களில் சுல்தான்பேட்டைப் படியில் வாரம் ஒரு தடவை ஏறுவதாக இருக்கிறேன். அதற்கு முன்னால் புது ஷூ வாங்க வேண்டும்.