பின்சந்து திறந்தது

வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் தெரு வீடுகளுக்கும் அடுத்த தெரு வீடுகளுக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. சின்ன வயதில் பந்து அங்கே விழுந்தால் போனது போனதுதான். "அங்க கால வைக்காதடா" என்பார் பாட்டி. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் மலம் அள்ள வருகிறவர்களுக்கென்று விட்ட வழி அது. அந்த வேலைக்கு 1993இல் தடைச் சட்டம் வந்தது, 2013இல் இன்னும் கடுமையாக்கினார்கள். வீடுகளில் செப்டிக் டேங்க் வந்த பிறகு அந்தச் சந்து மறந்துபோனது என்பார்கள். எனக்கென்னவோ யாரும் அதை நினைக்க விரும்பவில்லை என்றுதான் படுகிறது.

போன மழைக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகள் டெங்குவில் படுத்தார்கள். அப்போதுதான் பின்பக்கம் எட்டிப் பார்த்தோம்.

சந்தையே சுத்தம் செய்துவிடுவது என்று இறங்கினோம். இப்படி இறங்குகிறவர்கள் முதலில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்துவிடுங்கள். எங்கள் நகலில் அது பொதுச் சந்து என்றே இருந்தது. "எங்க பட்டாவுல வருது" என்று மோட்டாரும் படிக்கட்டும் வைத்திருந்த இரண்டு வீட்டாரிடம் சண்டையில்லாமல் பேச அந்தத் தாள்தான் உதவியது. மூன்றாவது மனுவுக்குப் பிறகு குப்பை அள்ள டிராக்டர் வந்தது. சந்துக்குள் நுழையாது. முனையில் நிறுத்தி, உடைந்த ஓடு, செங்கல், தகரம் எல்லாவற்றையும் இரும்புச் சட்டியில் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினோம். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

மண்ணை வழித்ததும் சுவர்களின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன திறப்புகள் தெரிந்தன. ஒரு முழ உயரம்கூட இல்லை. ஒன்றில் துருப்பிடித்த தகரக் கதவு இன்னும் கீலில் தொங்கியது. ஒருவர் குனிந்து, கையை உள்ளே விட்டு வாளியை இழுத்த இடம். சட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அடச்சிடலாமாண்ணே?" என்று கொத்தனார் கேட்டார். எலி வருமே என்று அடைத்தோம். எங்கள் வீட்டுத் திறப்பை மட்டும் பூசாமல், செங்கல் தெரியும்படி விடச் சொன்னேன். என் பையன் கேட்டால் சொல்ல வேண்டும்.

அப்புறம் சுண்ணாம்பு அடித்தோம், இரண்டு விளக்கு போட்டோம். இப்போது பிள்ளைகள் டியூஷனுக்கு அந்த வழியாகத்தான் போகிறார்கள். மூன்றாவது வீட்டுக்குப் பின்னால் மட்டும் வாட்டம் சரியில்லை, தண்ணீர் நிற்கிறது. வருகிற ஞாயிறு அந்த இடத்துக் கல்லைப் பெயர்க்கப் போகிறோம்.