பிரெஞ்சு மரையும் பெரியப்பாவும்

பெரியப்பாவோட பழைய ரேஸ் சைக்கிளுக்கு புது கியர் போடப் போறேன்னு சொன்னப்போ வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க, அவரு மட்டும் சிரிக்கல, பேப்பர மடிச்சு வச்சுட்டு "ஏன், இருக்குற கியருக்கு என்ன கேடு"ன்னாரு. அவரு சொல்தா, பிரெஞ்சு மிலிட்டரில இருந்துட்டு இங்க பாண்டியில உக்காந்து பிரான்ஸ் பென்ஷன் வாங்குறவரு. வரும்போது கூடவே கப்பல்ல வந்த வண்டி இது, 1970கள்ல செஞ்சது, ஸ்டீல் ஃப்ரேம், முன்னாடி ரெண்டு பல்சக்கரம் பின்னாடி அஞ்சு, ஆக மொத்தம் டென் ஸ்பீடு. பெங்களூர்ல இருக்குற அக்கா பையன் அவனோட கார்பன் சைக்கிள்ல இருந்து கழட்டின ஐட்டத்தை எல்லாம் ஒரு சாக்குல கட்டி அனுப்பியிருந்தான், அதுவும் டென் ஸ்பீடு தான், ஆனா இந்தக் காலத்து டென் ஸ்பீடுன்னா பின்னாடி மட்டுமே பத்து. பேரு தான் ஒண்ணு, மத்தபடி மாமியாரும் மருமகளும் மாதிரி ஒண்ணுக்கொண்ணு ஆகவே ஆகாது.

முதல் சண்டை பின் சக்கரத்துல. பழைய ஃப்ரேம்ல வீல் உக்கார்ற இடைவெளி 120 மில்லிமீட்டர், புது வீலோட நடுவுல இருக்குற ஹப் 130. நெல்லித்தோப்பு மெக்கானிக் அண்ணன் டேப்ப வச்சுப் பாத்துட்டு "மூணு நூல் சொச்சம் தம்பி, விரிச்சிடலாம்"னாரு, அவருக்கு எல்லாமே நூல் கணக்கு தான், ஒரு நூல்னா அரைக்கால் இன்ச்சு, மில்லின்னா வேற ஞாபகம் வந்துடும். அலுமினியமோ கார்பனோ இருந்தா விரிக்கிறேன்னு கைய வச்சாலே உடைஞ்சிடும், ஸ்டீல்ங்கறதால தப்பிச்சோம். ஒரு நீளத் திரெட் ராடு, ரெண்டு நட்டு, அவ்ளோ தான் டூல்ஸ். ஆனா ஸ்டீல் லேசுல படியாது, 130க்கு விரிச்சுட்டு நட்ட லூஸ் பண்ணா நல்ல புள்ளையா பழைய இடத்துக்கே வந்து நிக்குது, அதனால அதைத் தாண்டி நல்லா விரிச்சாத்தான் வேணுங்கற இடத்துல வந்து படியும். அண்ணன் திருகத் திருக ஃப்ரேம் முனகுது, பெரியம்மா பாக்க முடியாம கொல்லைப்பக்கம் போயிட்டாங்க. அப்புறம் அவங்க பூ கட்டுற நூலையே வாங்கி, பின்னாடி ஒரு பக்கத்துல முடி போட்டு முன்னாடி ஹேண்டில் பைப்பச் சுத்திக் கொண்டாந்து மறுபக்கத்துல கட்டி, நடுவுல சீட்டு பைப்புக்கும் நூலுக்கும் எவ்ளோ கேப்புன்னு ரெண்டு பக்கமும் அளந்தோம். இடது பக்கம் மட்டும் அதிகமா வெளிய வந்திருந்துச்சு. அதை அண்ணன் முழங்கால வச்சு அமுக்கித் தான் சரி பண்ணாரு, அந்த ஒரு நிமிஷம் நான் மூச்சே விடல.

அடுத்து பெடல் கட்டை அச்சு. இங்க தான் உண்மையான பிரான்ஸ் வந்துச்சு. பெரும்பாலான ரோடு சைக்கிள்ல அச்சைப் பிடிச்சுக்கிற வலது பக்க கப் இடது மரையா இருக்கும், அதைக் கழட்ட வலப்பக்கமா சுத்தணும், அண்ணனுக்கு இது கையோட வந்த பழக்கம். பிரெஞ்சு கணக்கு வேற, 35 மில்லி விட்டம், 1 மில்லி மரை, ரெண்டு பக்கமும் வலது மரை தான். அண்ணன் ஸ்பேனர மாட்டி வலப்பக்கமா சுத்துறாரு, அசையல. மண்ணெண்ணெய் ஊத்துனாரு. ஸ்பேனர் முனையில ஜிஐ பைப்பச் சொருகி தொங்குனாரு. கடைப் பையனும் சேர்ந்து தொங்குனான். திண்ணையில பேப்பர் படிச்சிட்டு இருந்த பெரியப்பா பக்கத்தைத் திருப்பிக்கிட்டே "இன்னும் டைட் பண்ணா ஃப்ரேம் கிழிஞ்சிடும், இந்தப் பக்கமா சுத்து"ன்னு விரல்ல காட்டுனாரு. சுத்துனாங்க, லொடக்குன்னு வந்துடுச்சு.

"இவ்ளோ நேரம் ஏன் பெரியப்பா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

அந்த மரைக்கு சாக்குல வந்த புது கிராங்க், அதாவது பெடல் மாட்டுற கட்டை, சேராதுன்னு தெரிஞ்சதும் அது திரும்ப சாக்குக்கே போச்சு. மரையே தேவைப்படாம உள்ளுக்குள்ள ரெண்டு கப்பும் ஒண்ணோட ஒண்ணு இறுக்கிக்கிற மாதிரி ஒரு டைப் இருக்கு, அதை ஆன்லைன்ல பிடிச்சு, சதுர அச்சு கிராங்க் ஒண்ணு தனியா வாங்கி ஒரு வழியா முடிச்சோம். காசு விஷயம் இங்க வேணாம், வீட்ல படிப்பாங்க.

ஹேண்டில் சொருகுற பைப் ஓட்டை 22.0 மில்லி, எங்கிட்ட இருந்த ஹேண்டில் தண்டு 22.2. தட்டாஞ்சாவடி லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனா அவரு காலிப்பர வச்சுப் பாத்துட்டு என்னையும் ஒரு தடவ ஏற இறங்கப் பாத்தாரு, "ரெண்டு பாயிண்டுக்கு லேத்தா? உப்புத்தாள் வாங்கித் தேய்ங்க சார்". தேய்ச்சேன், தோள்பட்டை கழண்டுச்சு. முன் கியர் கிளாம்ப் 28.6, ஃப்ரேம் பைப் 28, அந்த லூசுக்கு பீர் கேன வெட்டி மூணு சுத்து சுத்துனா கச்சிதம், பாண்டியில அதுக்கா பஞ்சம். ரிம் மட்டும் தான் தகராறு பண்ணல, பழசு புதுசு ரெண்டுமே 700சி சைஸ், 622 மில்லி, பிரேக் கட்டை அப்படியே உக்காந்துச்சு.

எல்லாம் முடிஞ்சு ஈசிஆர்ல காலாப்பட்டு வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், கியர் வெண்ணெய். மறுநாள் பெரியப்பா பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்க எடுத்துட்டுப் போனாரு, வந்ததும் மூஞ்சி சரியில்ல. அவருக்கு கியர் லிவர்னா கீழ் பைப்ல, அதுக்காக கை பாட்டுக்கு கீழ போகுது, அங்க ஒண்ணும் இல்ல. 1990 வாக்குல ஷிமானோ கொண்டு வந்த சிஸ்டம் இது, பிரேக் லிவரையே சைடுல தள்ளுனா கியர்னு விளக்குனேன். "பிரேக்கத் தள்ளுனா கியர்னா, பிரேக்குக்கு எதைப் பிடிக்கிறது?" "அதையே தான் பெரியப்பா, ஆனா பின்னாடி இழுக்கணும்." ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, அல்ஜீரியால கூட யாரையும் அப்படிப் பாத்திருக்க மாட்டாரு.

மெக்கானிக் அண்ணன் தான் வழி பண்ணாரு. கழட்டிப் போட்ட பழைய லிவர் ரெண்டையும் துடைச்சு அதே கீழ் பைப்ல கிளாம்ப் பண்ணிட்டாரு, கேபிள் கிடையாது, சும்மா பொம்மை. நான் ராத்திரியே பின்னாடி நடுப் பல்லுல செயின விட்டு வச்சுடுவேன். பெரியப்பா கடை வாசல்லயே ஒரு ரவுண்டு அடிச்சு, லிவர முன்னயும் பின்னயும் தள்ளிப் பாத்துட்டு, அண்ணன் தோள்ல தட்டி "இப்பதான்யா கியர் ஒழுங்கா விழுது"ன்னு சொல்லிட்டுப் போனாரு.